‘டொலுவீன் ஃப்ரீ’ டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நீளும் பழைய வட ஆற்காட்டுத் தோல் வட்டாரத்தில், ஷூ கம்பெனிகளுக்கு வரும் பசை டப்பாக்களில் சில ஆண்டுகளாக ஒரு வரி தவறாமல் இருக்கிறது: ‘டொலுவீன் ஃப்ரீ’. அதாவது, பசையைக் கரைத்து வைக்கும் டொலுவீன் என்ற திரவம் இதில் இல்லை. வெளிநாட்டு வாங்குபவர்கள் தடைசெய்யப்பட்ட வேதிப்பொருள்களின் பட்டியலை அனுப்புகிறார்கள். கம்பெனி அதைப் பசை விற்பவரிடம் தருகிறது. விற்பவர் புது டப்பா அனுப்புகிறார். பசை தடவும் பேஸ்டிங் மேசையில் உட்காரும் பெண்ணுக்குத் தெரிவதெல்லாம் வாசனை மாறியிருக்கிறது என்பதுதான். ‘இது நல்ல சொல்யூஷனா, கெட்ட சொல்யூஷனா?’ என்று அவர் கேட்டால் சூப்பர்வைசரிடமும் பதில் இருப்பதில்லை.

அந்த வரி டப்பாவில் எது இல்லை என்பதைச் சொல்கிறது. எது இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. ஒரு கரைப்பானை எடுத்தால் அந்த இடத்தில் இன்னொன்றை வைத்தே தீர வேண்டும். பசை வெறும் ரப்பர் கட்டியாக நிற்க முடியாது. ஆகவே உள்ளே வந்தது எது, வெளியே போனதைவிட அது எந்த வகையில் மேல், எந்த வகையில் கீழ் என்று பார்ப்பதுதான் சரியான கேள்வி. அதை எப்படிப் பார்ப்பது என்பதை அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

கரைப்பான் என்றால் என்ன

சர்க்கரையைத் தண்ணீர் கரைக்கிறது. கையில் ஒட்டிய கிரீஸைத் தண்ணீர் தொடுவதில்லை, மண்ணெண்ணெய் கரைக்கிறது. ஒரு பொருளைத் தனக்குள் பரப்பி, வேலை முடிந்ததும் வேதியியல் மாற்றம் எதுவும் இல்லாமல் விலகிப்போகும் திரவம் கரைப்பான். கரைபவை பொருளில் தங்கும், கரைப்பான் போய்விடும். எங்கே போகிறது என்பதில்தான் சிக்கல் எல்லாம்.

இந்த வட்டாரத்தில் கரைப்பான்கள் நான்கு வேலைகள் செய்கின்றன. ஆட்டுத்தோலில் உள்ள கொழுப்பை எடுக்கின்றன. தோலுக்கு மேல்பூச்சுக் கொடுக்கும் ஃபினிஷிங்கில் லாக்கர் என்ற பூச்சைத் தெளிக்கும் பதத்துக்குக் கொண்டுவருகின்றன. ஷூவின் மேல்பகுதியான அப்பரையும் அடிப்பகுதியான சோலையும் ஒட்டும் பசையைத் தடவும் பதத்தில் வைத்திருக்கின்றன. ராணிப்பேட்டை சிப்காட் போன்ற இடங்களில் உள்ள வேதிப்பொருள் ஆலைகளில் வினைகள் நடக்கும் ஊடகமாகவும், விளைபொருளைப் பிரித்தெடுக்கும் கருவியாகவும் இருக்கின்றன. மருந்து உற்பத்தியில் உள்ளே போகும் பொருள்களின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் கரைப்பான்தான். மாத்திரையில் அது இருப்பதில்லை, ஆனால் ஆலையின் செலவு, கழிவு, தீ அபாயம் மூன்றையும் பெரும்பாலும் முடிவு செய்வது அதுவே.

முதல் கேள்வி: கரையுமா?

‘ஒத்தது ஒத்ததைக் கரைக்கும்’ என்று பள்ளியில் படித்திருப்போம். ஆனால் எது எதற்கு ஒத்தது? 1967இல் சார்லஸ் ஹேன்சன் என்ற ஆய்வாளர் இதை மூன்று எண்களாகப் பிரித்துக் காட்டினார். மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

1. எல்லா மூலக்கூறுகளுக்கும் பொதுவான பலவீனமான ஈர்ப்பு. இதைச் சிதறல் எண் எனலாம்.
2. மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் இருப்பதால் வரும் ஈர்ப்பு. இது முனைவு எண்.
3. ஹைட்ரஜன் பிணைப்பு. தண்ணீரைத் தண்ணீராக வைத்திருப்பது இதுவே.

பசையில் பயன்படும் சில கரைப்பான்களை எடுப்போம். ஹெக்சேனுக்கு இந்த மூன்றும் 14.9, 0, 0. டொலுவீனுக்கு 18.0, 1.4, 2.0. அசிட்டோனுக்கு 15.5, 10.4, 7.0. எத்தில் அசிட்டேட்டுக்கு 15.8, 5.3, 7.2. தண்ணீரின் மூன்றாம் எண் 42ஐத் தாண்டும். கொழுப்பும் ரப்பரும் தண்ணீரில் கரையாததற்கு அந்த ஓர் எண்ணே போதிய விளக்கம். ரப்பருக்கும் இப்படி மூன்று எண்கள் உண்டு. கரைப்பானின் எண்கள் அதற்குப் பக்கத்தில் வந்தால் கரையும், தூரம் போனால் கரையாது.

இதில் ஒரு வியப்பான விளைவு இருக்கிறது. ஷூ பசைக்குப் பயன்படும் நியோபிரீன் ரப்பரை ஹெக்சேனில் மட்டும் போட்டால் சரியாகக் கரையாது. அசிட்டோனில் மட்டும் போட்டாலும் கரையாது. இரண்டையும் கலந்தால் கரைகிறது. காரணம் மேலே உள்ள எண்களிலேயே இருக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தால் கலவையின் எண்கள் சராசரியாகி 15.2, 5.2, 3.5 ஆகின்றன. ஒன்று முனைவு இல்லாத ஓரத்திலும் மற்றொன்று முனைவு மிகுந்த ஓரத்திலும் நிற்க, நடுவே ரப்பர் இருந்த இடத்துக்குக் கலவை வந்து சேர்கிறது.

டொலுவீனை எடுத்த பிறகு பசை செய்பவர் பிடிக்கும் வழிகளில் இது முக்கியமானது. டொலுவீன் தனியாளாகச் செய்த வேலையை இரண்டு மூன்று கரைப்பான்களின் கலவை செய்கிறது. ஹெக்சேன் அல்லது ஹெப்டேன் அல்லது சைக்ளோஹெக்சேன் ஒரு பக்கம். எத்தில் அசிட்டேட், அசிட்டோன், எம்இகே எனப்படும் மெத்தில் எத்தில் கீட்டோன் மறுபக்கம். ஒட்டும் தரத்தில் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நன்றாக இதைச் செய்யலாம். ஆனால் முதல் பக்கத்தில் ஹெக்சேன் வந்ததா, ஹெப்டேன் வந்ததா என்பதில் ஒரு தொழிலாளியின் கால் நரம்பு அடங்கியிருக்கிறது.

அதே ஹெக்சேன், இரண்டு இடங்கள்

அரிசி ஆலையில் கிடைக்கும் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைகளிலும் ஹெக்சேன்தான் பயன்படுகிறது. தவிட்டின் மீது ஹெக்சேனைப் பாய்ச்சினால் எண்ணெய் அதில் இறங்கும். பிறகு சூடாக்கினால் 69 டிகிரியில் ஹெக்சேன் கொதித்து மேலே போகும், எண்ணெய் கீழே நிற்கும். மேலே போன ஆவியைக் குளிரவைத்துத் திரும்பவும் தவிட்டின் மீது விடுவார்கள். ஒரு கிலோ ஹெக்சேனை ஆவியாக்க ஏறத்தாழ 335 கிலோஜூல் போதும். ஒரு கிலோ தண்ணீருக்கு 2,260 வேண்டும். தண்ணீரோடு கலக்காததால் பிரிப்பதும் சுலபம். குழாயும் தொட்டியுமாக மூடிய ஆலைக்கு இவ்வளவு பொருத்தமான கரைப்பான் கிடைப்பது அரிது. மூடி கசிந்தால் பெரும் தீ உண்டாகும் என்பதே அங்கே முதல் கவலை.

அதே ஹெக்சேன் பேஸ்டிங் மேசைக்கு வந்தால் கதை வேறு. அங்கே மூடி கிடையாது. சிறிய டின், ஒரு பிரஷ், அப்பரின் மடிப்பு ஓரம். தடவுகிறார்கள், சில நிமிடம் விட்டுவிடுகிறார்கள், விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒட்டும் பதம் வந்ததும் அமுக்குகிறார்கள். அந்தச் சில நிமிடத்தில் பசையில் இருந்த கரைப்பான் அனைத்தும் அறையின் காற்றில் கலந்துவிட்டது. மீட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. வேலை நடக்கும் விதமே அதுதான்.

ஆகவே ‘ஹெக்சேன் நல்லதா’ என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. மூடிய ஆலையில் மீட்பும் தீப் பாதுகாப்பும் முடிவு செய்யும். திறந்த மேசையில் மூக்கும் நரம்பும் முடிவு செய்யும். வேதிப்பொருள் ஆலைகளுக்காகத் தயாரான கரைப்பான் தரவரிசைகளைத் தூக்கிவந்து ஷூ கம்பெனிக்குப் பொருத்தினால் பிழை வருவது இந்த இடத்தில்தான்.

ஒரு அறை, நூறு மில்லி

கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். ஏறத்தாழ 16 அடிக்கு 13 அடி, 10 அடி உயரம் உள்ள அறை. 60 கனமீட்டர் காற்று. அதில் 100 மில்லி கரைப்பான், அதாவது அரை டம்ளர், முழுதும் ஆவியாகிவிட்டதாகவும் ஜன்னல் மூடியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். காற்றில் அதன் அளவைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று, பிபிஎம் கணக்கில் சொல்வார்கள்.

1. டொலுவீன்: 87 கிராம் ஆவியானால் சுமார் 23 லிட்டர் ஆவி. அறையில் ஏறத்தாழ 380 பிபிஎம்.
2. ஹெக்சேன்: 66 கிராம், சுமார் 19 லிட்டர் ஆவி. ஏறத்தாழ 310 பிபிஎம்.
3. எத்தில் அசிட்டேட்: 90 கிராம், சுமார் 25 லிட்டர் ஆவி. ஏறத்தாழ 415 பிபிஎம்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் எத்தில் அசிட்டேட்தான் மோசம் என்று தோன்றும். ஆனால் எட்டு மணி நேர வேலைக்கு ஏற்கத்தக்கதாக அமெரிக்கத் தொழில்சுகாதார வல்லுநர் அமைப்பு வகுத்த வரம்பு டொலுவீனுக்கு 20, ஹெக்சேனுக்கு 50. எத்தில் அசிட்டேட்டுக்கு அங்கே நெடுநாளாகப் புழங்கும் வரம்பு 400. அதாவது, அதே அறையில் அதே அரை டம்ளர் ஆவியானால் டொலுவீன் வரம்பைப் போல் 19 மடங்கு, ஹெக்சேன் 6 மடங்கு, எத்தில் அசிட்டேட் வரம்பை ஒட்டி நிற்கிறது. (நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை டொலுவீனுக்கு வைத்தது 100 பிபிஎம். அதைக் கொண்டு அளந்தாலும் நான்கு மடங்கு.) ஆவி எவ்வளவு, வரம்பு எவ்வளவு என்ற இரண்டையும் வகுத்துப் பார்க்காமல் கரைப்பான்களை ஒப்பிட முடியாது. ஒரு நாள் வேலையில் எது மேல் என்று ஒப்பிட நான் இந்த ஒற்றை வகுத்தலையே மிகவும் நம்புவேன்.

இப்போது ஜன்னலைத் திறப்போம். மணிக்கு 100 மில்லி டொலுவீன் ஆவியாகிறது, அறைக் காற்று மணிக்கு ஆறு முறை மாறுகிறது என்றால் சராசரி 64 பிபிஎம்முக்கு இறங்கும். இன்னும் 20க்கு மேல்தான். 20ஐத் தொட மணிக்கு இருபது முறை காற்று மாற வேண்டும். சுவரில் சுழலும் ஒற்றை மின்விசிறி அதைத் தருவது கடினம். இதுவும் அறையின் சராசரிதான். டின்னுக்கு மேல் குனிந்திருப்பவரின் மூக்கருகே இதைவிடப் பல மடங்கு இருக்கும். டொலுவீன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு எடை உள்ளது, டின்னிலிருந்து வழிந்து முதலில் மேசை மட்டத்தில் பரவுகிறது. கூரை அருகே வைத்த எக்ஸாஸ்ட் அதை இழுக்க வேண்டுமானால் முகத்தைத் தாண்டித்தான் இழுக்கும். மேசையின் பின் ஓரத்தில், கை மட்டத்தில் உறிஞ்சும் வாய் வைத்தால் காற்று முகத்திலிருந்து விலகிப் போகும். ஒரே மின்விசிறி, ஒரே மின்சாரம், வைக்கும் இடம் மட்டும் வேறு.

கரைப்பான் தோல் வழியாகவும் உள்ளே போகும். ஷிஃப்ட் முடிந்ததும் விரலில் ஒட்டிய பசையைத் தின்னரில் நனைத்த துணியால் துடைப்பது பல இடங்களில் வழக்கம். அந்தத் துணி தோலின் இயற்கைக் கொழுப்பையும் சேர்த்தே எடுக்கிறது. வெடித்த விரல் வழியாக அடுத்த நாள் இன்னும் சுலபமாக இறங்குகிறது. தேங்காய் எண்ணெய் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவினால் நேரம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

மாற்றி மாற்றி வந்த கதை

ஷூ பசையில் கரைப்பான் மாறுவது இப்போது புதிதாக நடப்பதல்ல. முன்பு ரப்பரைக் கரைக்க பென்சீன் பயன்பட்டது. மலிவு, நன்றாகக் கரைக்கும், சட்டென்று காயும். இஸ்தான்புலில் முஸாஃபர் அக்சோய் என்ற மருத்துவர், பென்சீன் கலந்த பசையோடு வேலை செய்த ஷூ தொழிலாளர்களில் 26 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததை 1974இல் பதிவு செய்தார். பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்குகிறது என்பதை உலகம் ஏற்க அவருடைய பதிவு ஒரு முக்கியக் காரணம்.

பென்சீனை விட்டவர்கள் டொலுவீனுக்கும் ஹெக்சேனுக்கும் போனார்கள். 1960களில் ஜப்பானில் வீட்டில் வைத்துச் செருப்பு ஒட்டியவர்களுக்குப் பாதம் மரத்துப்போனது, விரல்கள் பிடி இழந்தன. ஹெக்சேன் பசைதான் காரணம். இத்தாலியின் ஷூ பட்டறைகளிலும் இதே நோய் வந்தது. ஹெக்சேன் ரத்தப் புற்றுநோய் தருவதில்லை. அது வேறு வழியில் வேலை செய்கிறது. கல்லீரல் அதை வெளியேற்ற முயலும்போது ஹெக்சேன்டையோன் என்ற பொருளாக மாற்றுகிறது. அந்தப் பொருள் நரம்பு நார்களில் உள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றை ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. நீளமான நரம்புக்கு முதல் அடி விழுகிறது; அதனால்தான் பாதத்தில் தொடங்குகிறது. வேலையை விட்ட பிறகும் சில மாதங்கள் மோசமாகிக்கொண்டே போவது இந்த நோயின் கொடுமையான இயல்பு.

ஒரு கார்பன் கூடிய ஹெப்டேனோ, வளையமாக மூடிய சைக்ளோஹெக்சேனோ உடம்பில் அந்தப் பொருளாக மாறுவதில்லை. ஹெப்டேனிலிருந்து வருகிற ஒத்த பொருளும் மிகச் சிறிதளவே. பசையைப் பொறுத்தவரை மூன்றும் கிட்டத்தட்ட ஒரே வேலை செய்கின்றன. கொதிநிலையில்தான் வித்தியாசம்: ஹெக்சேன் 69, சைக்ளோஹெக்சேன் 81, ஹெப்டேன் 98 டிகிரி. காய்வதற்கு ஒரு நிமிடம் கூடுதல். அந்த ஒரு நிமிடத்துக்காக ஹெக்சேனைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கலவையில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. எம்இகே தனியாக இருந்தால் நரம்புக்கு அவ்வளவு தீங்கு செய்வதில்லை. ஹெக்சேனோடு சேர்ந்தால், ஹெக்சேன்டையோன் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து ஹெக்சேனின் வேகத்தைக் கூட்டுகிறது. தனித்தனியே வரம்புக்குள் இருக்கும் இரண்டு எண்களைப் பார்த்து நிம்மதி அடைய முடியாததற்கு இது நல்ல உதாரணம். ‘டொலுவீன் ஃப்ரீ’ டப்பாவில் ஹெக்சேனும் எம்இகேயும் சேர்ந்து வந்திருந்தால், போனதைவிட வந்தது மோசமாக இருக்கலாம்.

தீ

ஒரு திரவத்தின் மேற்பரப்பில் பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி சேரும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்று வெப்பநிலை என்பார்கள். ஹெக்சேனுக்கு அது சுழியத்துக்கு 22 டிகிரி கீழே. அசிட்டோன், எத்தில் அசிட்டேட், எம்இகே எல்லாமே சுழியத்துக்குக் கீழே. டொலுவீனுக்கு 4 டிகிரி. வேலூரில் மார்கழி விடியற்காலையிலும் இவை எல்லாம் பற்றத் தயாராகவே இருக்கின்றன. ஆகவே பசைக் கரைப்பான்களுக்குள் தீயை வைத்துத் தேர்வு செய்ய அதிகம் இல்லை. ஃபினிஷிங்கில் பயன்படும் பியூட்டைல் அசிட்டேட்டுக்கு 22, சைலீனுக்கு 27ஐ ஒட்டி. குளிர் நாடுகளின் கையேடுகளில் ‘சாதாரண வெப்பநிலையில் ஆபத்து குறைவு’ என்று வரும் பொருள்கள் இவை. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மண்ணெண்ணெயே அந்த எல்லைக்கு வந்துவிடுகிறது.

கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. ஹெக்சேன், ஹெப்டேன், டொலுவீன் மூன்றும் மின்சாரம் கடத்தாதவை. ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றும்போது நிலைமின்னூட்டம் அவற்றில் தேங்கும். பிளாஸ்டிக் வாளியில் ஊற்றினால் அது போக வழியில்லை. அசிட்டோனும் எத்தில் அசிட்டேட்டும் ஓரளவு கடத்துபவை. டிரம்மிலிருந்து டின்னுக்குப் பசை எடுக்கும் இடத்தில் இரண்டையும் கம்பியால் இணைத்துத் தரையோடு கட்டிவிட வேண்டும்.

காயும் வேகம்

பியூட்டைல் அசிட்டேட்டின் வேகத்தை 1 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுவது தொழில் வழக்கம். அசிட்டோன் 5.6, எத்தில் அசிட்டேட் 4ஐ ஒட்டி, டொலுவீன் 2ஐ ஒட்டி, தண்ணீர் 0.36. வேகமாகப் போவது எப்போதும் நல்லதல்ல. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் தெளித்தால் தோல் மேல் வெள்ளைப் பூத்தது போல மங்கல் வரும். வேகமாக ஆவியாகும் கரைப்பான் மேற்பரப்பைக் குளிரவைக்கிறது, காற்றில் உள்ள ஈரம் பனித்துளி போல அதன் மேல் படிகிறது, லாக்கர் திரிந்து வெளுக்கிறது. தின்னரில் மெதுவாகப் போகும் கரைப்பானைக் கொஞ்சம் கூட்டினால் நிற்கும். அந்த வேலைக்கு முன்பு எத்தில் செல்லோசால்வ் போட்டார்கள். அது கருவுறுதலையும் கருவையும் பாதிப்பது. பெண்கள் வேலை செய்யும் ஃபினிஷிங் பகுதியில் அதற்கு இடமே இருக்கக் கூடாது.

அப்படியானால் தண்ணீர்?

தண்ணீரில் பரவிய பாலியூரித்தேன் பசையும் ஃபினிஷும் இப்போது நன்றாகக் கிடைக்கின்றன. மூக்குக்கு, நரம்புக்கு, தீக்கு மூன்றுக்கும் இது பெரிய முன்னேற்றம். முடிகிற இடமெல்லாம் மாறுவது நல்லது. ஆனால் செலவு வேறு இடத்துக்குப் போகிறது, அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

1. உலர்த்தல். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க எத்தில் அசிட்டேட்டைப்போல் ஆறு மடங்கு வெப்பம் வேண்டும். உலர்த்தும் சுரங்கம் இல்லாத சிறிய யூனிட்டில், மழைக்காலத்தில், ஒட்டும் பதம் வரவே வராது.
2. ஒட்டும் முறை. தண்ணீர்ப் பசையை உலர்த்திய பின் சூடேற்றி அமுக்க வேண்டும். கையால் தடவி கையால் அமுக்கும் மேசைக்கு அது அப்படியே பொருந்தாது. கருவிகளும் மாற வேண்டும்.
3. கழுவுநீர். கரைப்பான் பிரஷைத் துடைத்துக் காயவைத்தால் முடிந்தது. தண்ணீர் ஃபினிஷ் தெளித்த ஸ்பிரே பூத்தையும் பிரஷையும் கழுவினால் நிறமிகளும் பிசின்களும் கலந்த கழிவுநீர் வரும். அது பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டும்.

மூன்றாவதை இந்த வட்டாரத்தில் யாரும் லேசாக எடுக்க முடியாது. தோல் தொழிற்சாலைக் கழிவால் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வை, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொன்னது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வந்த அந்தத் தீர்ப்பில்தான், தீங்கு முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதியானது. தான் செய்வது சுற்றுச்சூழலுக்குத் தீங்கற்றது என்று காட்ட வேண்டிய பொறுப்பு தொழில் நடத்துபவருடையது என்று நீதிமன்றம் சொன்னது. கரைப்பானை மாற்றுவதற்கும் இதைவிட நல்ல அளவுகோல் இல்லை: பழையது கெட்டது என்று சொன்னால் போதாது, புதியது தீங்கற்றது என்று கொண்டுவருபவர் காட்ட வேண்டும். 2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு பற்றி உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்புச் சொல்ல நேர்ந்தது, அந்தப் பொறுப்பு இன்னும் நிறைவேறவில்லை என்பதைக் காட்டுகிறது.

பற்றாததன் விலை

‘தீப்பிடிக்காத கரைப்பான்’ என்று விற்கப்படும் வகையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கம்பளி ஆட்டுத்தோலில் உலர் எடையில் 30 விழுக்காடு வரை கொழுப்பு இருக்கக்கூடும். நம் ஊர் ஆடுகளில் அது மிகக் குறைவு. கொழுப்பு மிகுந்த தோலுக்கு மண்ணெண்ணெயும் சோப்புப் பொருளும் சேர்த்து எடுப்பது ஒரு முறை, பெர்க்ளோரோஎத்திலீனில் எடுப்பது இன்னொரு முறை. பின்னது பற்றாது, கொழுப்பை முழுதாக எடுக்கும், மூடிய இயந்திரத்தில் மீட்கலாம்.

ஆனால் அதன் அடர்த்தி தண்ணீரைப்போல் 1.6 மடங்கு. மண்ணெண்ணெய் சிந்தினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். பெர்க்ளோரோஎத்திலீன் சிந்தினால் நீரைத் துளைத்துக்கொண்டு கீழே போய், அடியில் பாறை தடுக்கும் இடத்தில் தேங்கி, பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். பாலாறு பெரும்பாலான மாதங்களில் மணலாகத்தான் தெரிகிறது. தண்ணீர் அந்த மணலுக்குள் ஓடுகிறது, கரையோர ஊர்கள் ஊற்றும் கிணறும் தோண்டி எடுத்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட நிலத்தில் தண்ணீரைவிடக் கனமான, எளிதில் சிதையாத கரைப்பானை டிரம் டிரம்மாகப் புழங்குவது சரியல்ல என்பது என் முடிவு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் தருவதற்கு வாய்ப்பு அதிகம்’ என்ற வகையில் வைத்திருக்கிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதன் பல பயன்பாடுகளைத் தடைசெய்து 2024 டிசம்பரில் விதி வெளியிட்டது.

மீட்பு

மீட்கும் எண்ணம் உள்ள ஆலைகள் கலவையைத் தவிர்ப்பது நல்லது. எத்தில் அசிட்டேட் 77 டிகிரியில் கொதிக்கிறது, எம்இகே 80இல். இரண்டும் கலந்துவிட்டால் சாதாரண வடித்தலில் பிரியாது. குறிப்பிட்ட விகிதத்தில் ஒரே திரவம் போல ஒன்றாகவே ஆவியாகும். அசிட்டோன் தண்ணீரோடு எந்த அளவிலும் கலக்கும். கழுவுநீரில் போனால் போனதுதான். எத்தில் அசிட்டேட் 8 விழுக்காடு வரை கலக்கும். டொலுவீன் கிட்டத்தட்ட கலக்கவே கலக்காது. மூக்குக்கு மோசமான டொலுவீன், மீட்பில் மற்றவற்றைவிட நல்லபடியாக நடந்துகொள்கிறது. மூடிய ஆலைகள் அதை இன்னும் விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எந்த வரிசையில் கேட்பது

திறந்த மேசைக்கு நான் வைக்கும் வரிசை இது. மூடிய ஆலைக்கு நான்காவதை இரண்டாவதாக ஏற்றிக்கொள்ளலாம்.

1. கரைப்பானே தேவையா? தைத்தோ, சூட்டில் உருகி ஒட்டும் பசையாலோ, தண்ணீர்ப் பசையாலோ முடியுமா?
2. தேவை என்றால், உடம்பில் திரும்பாத சேதம் செய்பவை முதலில் வெளியே: பென்சீன், ஹெக்சேன், எத்தில் செல்லோசால்வ், டைமெத்தில் ஃபார்மமைடு. இவற்றுக்கு வரம்பு பார்த்துப் பேரம் பேச வேண்டியதில்லை.
3. மிஞ்சியவற்றில், ஆவியாகும் அளவை வரம்பால் வகுத்துக் குறைந்ததை எடுக்க வேண்டும். நியோபிரீன் பசைக்கு இந்தக் கணக்கில் எத்தில் அசிட்டேட், சைக்ளோஹெக்சேன், ஹெப்டேன் கலவைகள் முன்னே வரும்.
4. அது எங்கே போய்ச் சேர்கிறது? காற்றா, சாக்கடையா, மணலா, மீட்புத் தொட்டியா?
5. விலை. லிட்டர் விலையை மட்டும் பார்க்காமல், ஒரு ஜோடி ஷூவுக்கு ஆகும் விலையைப் பார்க்க வேண்டும். கெட்டியான பசையில் கரைப்பான் குறைவு, ஒரு கிலோவில் ஒட்டும் ஜோடிகள் அதிகம்.

பாதுகாப்புத் தாளை வாசிப்பது

பசை விற்பவர் ஒவ்வொரு பொருளுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தாள் தர வேண்டும். கம்பெனிகளில் இது ஆடிட்டுக்காக ஃபைலில் இருக்கும். 3ஆம் பகுதியில் உள்ளே இருக்கும் பொருள்களும் விழுக்காடும், 8ஆம் பகுதியில் வரம்பும், 9ஆம் பகுதியில் கொதிநிலையும் தீப்பற்று வெப்பநிலையும், 11ஆம் பகுதியில் உடல் தீங்கும் இருக்கும்.

3ஆம் பகுதியில் பெயர்களை நம்பிப் படிக்க முடியாது. ‘எஸ்பிபி ஸ்பிரிட்’, ‘பெட்ரோலியக் கரைப்பான்’, ‘அலிஃபாட்டிக் ஹைட்ரோகார்பன்’ என்ற பெயர்களுக்குள் ஹெக்சேன் இருக்கலாம். ‘ஹெக்சேன்’ என்றே விற்கப்படும் வணிகச் சரக்கிலும் நரம்பைத் தாக்கும் நேர்ச்சங்கிலி ஹெக்சேன் 20இலிருந்து 80 விழுக்காடு வரை எதுவாகவும் இருக்கலாம். ஏமாற்றாத அடையாளம் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சிஏஎஸ் எண், அதாவது ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் தனித்தனியே தரப்பட்ட பதிவு எண். பென்சீன் 71-43-2. நேர்ச்சங்கிலி ஹெக்சேன் 110-54-3. டொலுவீன் 108-88-3. எம்இகே 78-93-3. டைமெத்தில் ஃபார்மமைடு 68-12-2. பெர்க்ளோரோஎத்திலீன் 127-18-4. இன்னொரு பக்கம், எத்தில் அசிட்டேட் 141-78-6, சைக்ளோஹெக்சேன் 110-82-7, ஹெப்டேன் 142-82-5. இந்த ஒன்பது எண்களையும் ஒரு அட்டையில் எழுதிப் பசை ஸ்டோர் கதவில் ஒட்டிவிடலாம்.

அந்தப் பகுதியில் ‘தொழில் ரகசியம்’ என்று மட்டும் இருந்தாலோ, ‘பெட்ரோலியக் கரைப்பான்’ என்ற சொல்லோடு நின்றிருந்தாலோ, டப்பாவைத் திறப்பதற்கு முன் விற்றவரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்க வேண்டிய கேள்வி ஒன்று: இதில் 110-54-3 எத்தனை விழுக்காடு?